வளைகோலும் வாலிபரும்

வளைகோற் பந்தாட்டம் என்று தமிழில் சொன்னால் நம் காலனிப் பிள்ளைகள் முகத்தைப் பார்த்து விழிக்கின்றனர். ஹாக்கி என்று சொன்னால் உடனே விளங்கிக் கொள்கின்றனர். ஆனால் அவர்களுள் எத்தனை பேர் அந்தக் கோலைக் கையில் பிடித்திருப்பர் என்று எண்ணிப் பார்த்தால், ஒரு கைவிரல்கள் போதும். அந்த ஆட்டத்திற்கான உலகப் பந்தயம் ஒன்று 2025-ஆம் ஆண்டு நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை சென்னையிலும் மதுரையிலும் நடைபெற்றது. 21 வயதிற்கு உட்பட்ட ஆடவர்க்குரிய உலகக் கோப்பை அது. அப்பந்தயத்தில் முதன்முறையாக 24 நாடுகள் கலந்துகொண்டன. தமிழ் மண்ணில் அப்பந்தயம் நடந்ததும் அதுவே முதன்முறை.

கிழக்கேகோட்டையில் குடியிருந்து, சாலைக் கடைத்தெருவில் வாணிபம் செய்தும் அலுவலகங்களில் எழுதுகோல் பிடித்தும் காலங்கழிக்கும் நமக்கு இதில் என்ன உறவு என்று அன்பர்கள் வினவக்கூடும். உறவு உண்டு. அந்தப் பந்தயத்தில் இந்திய வாலிபரைப் பயிற்றுவித்து அழைத்து வந்தவர் நம் திருவனந்தபுரத்துப் பள்ளி ஒன்றில் உருவானவர். பந்தயம் நடந்ததோ நம் தாய்த்தமிழ் நாட்டில். ஆயினும் அந்த இந்திய அணியில் தமிழ்நாட்டுப் பிள்ளை ஒருவன்கூட இல்லை. இம்மூன்றும் ஒன்றுசேர்ந்து என் மனத்தில் கிடந்து உறுத்தியதாலேயே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன். யான் பெரும் புலவன் அல்லேன். பத்தாம் வகுப்புத் தேறி ரயில்வேயில் எழுத்தராகச் சேர்ந்தவன். ஆதலின் இலக்கணத்தை விடுத்து விஷயத்தை மட்டும் ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.

ஹாக்கி நம் நாட்டிற்கு ஆங்கிலேயர் கொணர்ந்த ஆட்டம். அதை ஊரூராகப் பரப்பியவை இரண்டு: ஒன்று இராணுவம், மற்றொன்று ரயில். பட்டாளத்தார் தங்கிய இடமெல்லாம் ஒரு மைதானம் உண்டாயிற்று; ரயில்வே காலனி எழுந்த இடமெல்லாம் ஒரு மன்றமும், மன்றத்திற்கு ஓர் ஆட்டக்குழுவும் உண்டாயின. ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் இந்த ஆட்டத்தைத் தங்கள் வீட்டுச் சொத்தாகவே கொண்டாடின. நான்கு ஒலிம்பிக்குகளில் ஆடி, 1948, 1952, 1956 ஆகிய ஆண்டுகளில் தங்கமும் 1960-இல் வெள்ளியும் பெற்ற லெஸ்லி கிளாடியஸ், பெங்கால் நாகபுரி ரயில்வேயின் கரக்பூர் மைதானத்தில் கால்பந்தை விட்டு ஹாக்கிக்கு வந்தவர். இதைச் சொல்லும்போது ரயில்வேக்காரனாகிய எனக்குச் சிறிது பெருமை உண்டாவதை வாசகர்கள் மன்னிப்பார்களாக.

சென்னையில் 1901-ஆம் ஆண்டிலேயே ஒரு ஹாக்கிப் பந்தயம் தொடங்கிவிட்டது. சென்னைக் கிரிக்கெட் மன்றத்தார் தொடங்கிய அது, பின்னாளில் முருகப்பா தங்கக் கோப்பை என்று பெயர் பெற்றது. இந்தியா ஒலிம்பிக்கில் ஹாக்கி ஆடத் தொடங்கியது 1928-இல், ஆம்ஸ்டர்டாம் நகரில். அதாவது, உலகம் நம் ஹாக்கியைக் காண்பதற்கு 27 ஆண்டுகள் முன்பே சென்னை மாநகரம் அதைக் கண்டுவிட்டது. ஆம்ஸ்டர்டாமில் நம்மவர் ஒரு கோல்கூட வாங்காமல் தங்கம் வென்றனர். அன்றைய தலைவர் ஜெய்பால் சிங், சோட்டா நாகபுரிக் காட்டு நாட்டில் பிறந்த முண்டா குலத்தவர். இப்பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் அதற்குத் தேவை வரும். 1932-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் அமெரிக்காவை 24-க்கு 1 என்று வென்றதும், 1936-இல் பெர்லினில் ஜெர்மனியை அவர்கள் மண்ணிலேயே 8-க்கு 1 என்று வென்றதும் தியான்சந்த் காலத்துக் கதைகள். அவற்றை விரிப்பின் பெருகும்.

நம் தமிழர் பங்கு இதில் சிறிதன்று. சென்னையில் பிறந்து, பெங்களூர் மதராஸ் சாப்பர்ஸ் படையில் பணியாற்றிய வி. ஜே. பீட்டர், 1960-இல் வெள்ளி, 1964-இல் தங்கம், 1968-இல் வெண்கலம் என மூன்று நிறப் பதக்கங்களையும் பெற்றவர். அவர் தம்பி வி. ஜே. பிலிப்ஸ், 1975-இல் கோலாலம்பூரில் இந்தியா உலகக் கோப்பையை வென்றபோது அணியில் இருந்தவர். 1968-இல் மெக்சிகோவில் கோல் காத்தவர்களுள் சென்னை முனீர் சேட் ஒருவர். 1980-இல் மாஸ்கோவில் ஸ்பெயினை 4-க்கு 3 என்று வென்று நாம் கடைசியாகப் பெற்ற ஒலிம்பிக் தங்கத்திற்குத் தலைவராக நின்றவர் ஆரணி தந்த வாசுதேவன் பாஸ்கரன். அத்தங்கத்திற்குப் பிறகு ஹாக்கியில் ஒரு பதக்கத்தைக் காண நாடு 41 ஆண்டுகள் காத்திருந்தது.

இவர்களையெல்லாம் விட நம் போன்ற புலம்பெயர் தமிழர் நெஞ்சில் பொறித்துக்கொள்ள வேண்டியவர் தன்ராஜ் பிள்ளை. பூனாவை அடுத்த கட்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலைக் காலனியில், தமிழ்ப் பெற்றோருக்கு நான்காவது மகனாகப் பிறந்தவர். தந்தையார் அங்கே மைதானப் பராமரிப்பு வேலை பார்த்தவர். கோல் வாங்க வழியில்லாமல் ஒடிந்த கோல்களைக் கட்டி வைத்து ஆடிய வீட்டுப் பிள்ளைகள் அவர்கள். அண்ணன் ரமேஷும் இந்தியாவிற்கு ஆடினார். தன்ராஜ் 1992 முதல் 2004 வரை நான்கு ஒலிம்பிக்குகளிலும், நான்கு உலகக் கோப்பைகளிலும், நான்கு ஆசிய விளையாட்டுகளிலும் ஆடினார். 1998-இல் பாங்காக்கில் அவர் தலைமையில் ஆசியத் தங்கம் கிடைத்தது. மராத்தி மண்ணில் ஒரு காலனியில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைக்கு அது கைகூடிற்று என்பதை நாம் வாய்வழி சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். ஆனால் அவர் வீட்டுத் திண்ணையில் ஒடிந்த கோல் கிடந்தது. நம் வீட்டுத் திண்ணையில் என்ன கிடக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

இனி, இளைஞர் கோப்பையின் பிறப்பைச் சொல்வேன். முதற்பந்தயம் 1979-இல் பிரான்சு நாட்டு வெர்சாய் நகரில் நடந்தது. பாகிஸ்தான் மேற்கு ஜெர்மனியை 2-க்கு 0 என வென்றது. இடையே ஒரு சொல்: அதே 1979-இல்தான் திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு ரயில் ஓடத் தொடங்கியது. அதற்கு முன்னர் நம் முன்னோர் ரயிலில் திருநெல்வேலிக்குப் போக வேண்டுமாயின் கொல்லம் சென்று, செங்கோட்டை மலைவழியே சுற்ற வேண்டியிருந்தது. 1981-இல் நாகர்கோவில் - திருநெல்வேலிப் பாதையும் திறந்தபின் நமக்கும் மதுரைக்கும் நேர்வழி உண்டாயிற்று. ஏறக்குறைய 300 கிலோமீட்டர். அந்த வழியில் கோவில்பட்டி என்றொரு நிலையம் வருகிறது. அதைப் பற்றியும் பின்னர்ச் சொல்வேன்.

இளைஞர் கோப்பை ஏன் வேண்டியதாயிற்று என்பதற்குக் காரணம் உண்டு. 1976-இல் மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதன்முறையாகப் புல்தரைக்குப் பதில் செயற்கைத் தரையில் ஹாக்கி ஆடினர். முந்திய ஆண்டுதான் உலகக் கோப்பையை வென்றிருந்த இந்தியா அங்கே 7-ஆம் இடத்திற்கு இறங்கியது. மண்தரையில் பந்து துள்ளும். அதை அடக்கி, வளைத்து, ஏமாற்றிச் செல்வதே நம்மவர் கைத்திறம். செயற்கைத் தரையில் பந்து வழுக்கிக்கொண்டு நேரே ஓடும். அங்கே வேகமும் உடல்வலியும் நெடுந்தூர அடியும் வேண்டும். அத்தகைய தரை ஒன்றை அமைக்கப் பெரும்பொருள் வேண்டும். நாள்தோறும் நீர் தெளிக்கவும் வேண்டும். ஐரோப்பிய நாடுகள் சிற்றூர் மன்றங்களிலேயே அவற்றை அமைத்துவிட்டன. நம் பிள்ளைகளோ பதினெட்டு வயது வரை மண்ணில் ஆடி, அதற்குப் பிறகு அந்தத் தரையைக் கண்டனர். ஆறு வயதில் எழுதக் கற்க வேண்டிய எழுத்தைப் பதினெட்டில் கற்றால் கை எப்படி ஓடும்? ஆகவே ஒரு நாட்டின் ஹாக்கி பத்தாண்டு கழித்து எப்படி இருக்கும் என்பதை அறிய விரும்புவோர் அதன் இளைஞர் அணியைப் பார்க்கின்றனர்.

ஜெர்மானியர் இதை முதலில் உணர்ந்தனர் போலும். 1982-இல் கோலாலம்பூர், 1985-இல் வான்கூவர், 1989-இல் ஈப்போ, 1993-இல் ஸ்பெயினின் தெராசா என்று நான்கு முறை தொடர்ந்து அவர்களே வென்றனர். மலேசியாவின் கோலாலம்பூரும் ஈப்போவும் தமிழர் மிகுந்து வாழும் ஊர்கள் என்பதை நம் வாசகர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. அங்குள்ள தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் தலைமுறை தலைமுறையாக மலேசிய அணியில் ஆடி வந்துள்ளனர். வேற்று மண்ணில் வாழும் தமிழருக்கு விளையாட்டு ஆகாது என்பார் அந்த நாட்டு அணிப் பட்டியலைப் படிக்கட்டும்.

இந்தியா இறுதி ஆட்டத்தை முதலில் எட்டியது 1997-இல், இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸ் நகரில். ஆஸ்திரேலியாவிடம் 2-க்கு 3 என்று தோற்று வெள்ளியோடு திரும்பினர். அப்பந்தயத்தின் சிறந்த ஆட்டக்காரர் என்று உலகம் கொண்டாடியது ராஜீவ் மிஸ்ரா என்னும் இந்திய வாலிபரை. மறு ஆண்டே முழங்காலில் பட்ட காயம் அவருடைய ஆட்டத்திற்கு முற்றுப்புள்ளி வைத்தது. அவர் எங்கள் ரயில்வேயிலேயே டிக்கெட் பரிசோதனைப் பணியில் வாழ்நாளைக் கழித்து, 2023-இல் வாரணாசியில் காலமானார். ஐம்பது வயதுகூட நிரம்பவில்லை. ரயிலில் அவரிடம் பயணச்சீட்டைக் காட்டியவருள் எத்தனை பேர் அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்திருப்பர்? பதக்கப் பட்டியல் எழுதுவோர் இத்தகையவரை எழுதாமல் விட்டுவிடுகின்றனர். யான் எழுதுகிறேன். ஏனெனில் பிள்ளையை மைதானத்திற்கு அனுப்பத் தயங்கும் பெற்றோரின் அச்சம் பொய்யான அச்சம் அன்று.

நான்கு ஆண்டுகள் கழித்து, 2001-இல் ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரில் ககன் அஜீத் சிங் தலைமையில் நம் வாலிபர் அர்ஜென்டினாவை 6-க்கு 1 என்று வென்று கோப்பையைக் கொணர்ந்தனர். தீபக் தாக்கூர் அப்பந்தயத்தில் அதிக கோல் அடித்தவர். பின்னர்ப் பழைய சரிவு. 2013-இல் டெல்லியில் நம் சொந்த வீட்டிலேயே பந்தயம் நடந்தும் 10-ஆம் இடமே கிடைத்தது. 2016 டிசம்பரில் லக்னோவில் ஹர்ஜீத் சிங் தலைமையில், ஹரேந்திர சிங் பயிற்சியில், பெல்ஜியத்தை 2-க்கு 1 என்று வென்று இரண்டாம் கோப்பை பெற்றோம். அந்த அணியிலிருந்து வந்த பிள்ளைகள் சிலரே 2021-இல் டோக்கியோவில் 41 ஆண்டுத் தவத்தை முடித்து வைத்த வெண்கலத்தில் பங்கு கொண்டனர். இளைஞர் அணியைப் பார்த்தால் பின்வருவது தெரியும் என்று முன்னே சொன்னதற்கு இதுவே சான்று.

பெண்மக்களையும் மறக்கலாகாது. மகளிர்க்குரிய இளையோர் உலகக் கோப்பை 1989-இல் ஒட்டாவாவில் தொடங்கியது. 2013-இல் ஜெர்மனியில் நம் பெண்கள் வெண்கலம் வென்றனர். நம் காலனியில் பெண்பிள்ளை கோலெடுத்து ஓடுவதைக் கண்டால் முகஞ்சுளிக்கும் பெரியோர் இதைச் சற்றுச் சிந்திப்பார்களாக.

இனிக் கேரளத்திற்கு வருவோம். இந்நாடு கால்பந்து நாடு. ஹாக்கி இங்கே மாற்றாந்தாய்ப் பிள்ளை. நம் பழவங்காடிப் பிள்ளையார் கோவிலை இன்றளவும் இராணுவத்தார் பராமரிக்கின்றனர் என்பது நாம் அறிந்ததே. பட்டாளம் இவ்வளவு அருகில் இருந்தும் பட்டாளத்தின் ஆட்டம் நம் தெருக்களுக்குள் வரவில்லை. அப்படியும் இந்நாடு மூவரைத் தந்தது. வியப்பு என்னவெனில் மூவரும் கோல் காவலர்! 1972-இல் மியூனிக்கில் வெண்கலம் பெற்ற அணியில் கோல் காத்த கண்ணூர் மானுவல் பிரெடெரிக் முதல்வர். ஒலிம்பிக் பதக்கம் கண்ட முதல் மலையாளி அவரே. 2025 அக்டோபர் 31-இல், இளைஞர் கோப்பை தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பு, அவர் மறைந்தார். 2002-இல் மான்செஸ்டர் காமன்வெல்த் விளையாட்டில் தங்கம் வென்ற மகளிர் அணியின் கோல் காவலர் ஹெலன் மேரி இரண்டாமவர். அவரும் ரயில்வே அணிக்கு ஆடியவர். மூன்றாமவர் பி. ஆர். ஸ்ரீஜேஷ்.

எர்ணாகுளத்தை அடுத்த கிழக்கம்பலத்தில் ஓர் உழவர் குடியில் பிறந்த ஸ்ரீஜேஷ், 12 வயதில் நம் திருவனந்தபுரத்து ஜி. வி. ராஜா விளையாட்டுப் பள்ளியில் வந்து சேர்ந்தார். அரண்மனைக் குடும்பத்தைச் சேர்ந்த கோதவர்ம ராஜா, கேரள விளையாட்டுக் கழகத்தைத் தோற்றுவித்து வளர்த்தவர். 1971-இல் விமான விபத்தில் மாண்டவர். அவர் பெயரால் அமைந்த பள்ளி அது. நெடுமங்காடு செல்லும் திசையில் மயிலத்தில் இருக்கிறது. கிழக்கேகோட்டையில் பஸ் ஏறினால் ஒரு காலைப்பொழுதுக்குள் போய் வந்துவிடலாம். ஸ்ரீஜேஷ் அங்கே ஹாக்கி ஆட வந்தவர் அல்லர். ஓடவும் குண்டு எறியவும் வந்த பையனைப் பயிற்சியாளர்கள் பார்த்து, கோல் காவலனாக நிறுத்தினர். கோல் காவலருக்குக் கால்காப்பு, மார்க்கவசம், தலைக்கவசம் என்று வேண்டிய சாமான்களின் விலை மற்ற ஆட்டக்காரரைவிடப் பன்மடங்கு. அவற்றை வாங்கித் தருவதற்காகத் தந்தையார் வீட்டுப் பசுவை விற்றார். ஒரு பசுவின் விலையில் இந்தியா 2021 டோக்கியோ, 2024 பாரிஸ் என இரு ஒலிம்பிக் வெண்கலங்களைப் பெற்றது என்றால் மிகையன்று. பாரிஸோடு ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்ற அவர், உடனே இளைஞர் அணியின் பயிற்சியாளராகப் பொறுப்பேற்று, அவ்வாண்டு டிசம்பரிலேயே மஸ்கட்டில் பாகிஸ்தானை வென்று ஆசிய இளைஞர் கோப்பையைக் கொணர்ந்தார்.

சென்னை எழும்பூரில் மேயர் இராதாகிருஷ்ணன் அரங்கம் பழைமையானது. 1996-இலும் 2005-இலும் சாம்பியன்ஸ் டிராபியும், 2007-இல் ஆசியக் கோப்பையும், 2023-இல் ஆசிய சாம்பியன்ஸ் டிராபியும் அங்கே நடந்தன. மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்திலோ இப்பந்தயத்திற்கென்றே புதிய அரங்கமும் நீலநிறச் செயற்கைத் தரையும் அமைத்தனர். காங்கேயம் காளையின் உருவத்தில் காங்கேயன் என்று ஓர் அடையாளச் சின்னமும் உண்டாயிற்று. பாகிஸ்தான் வர மறுத்துவிட, அதன் இடத்தில் ஓமான் வந்தது. இவ்விரு நாடுகளும் ஆடாத ஹாக்கி உப்பில்லாப் பண்டம் என்பது என் கருத்து. அரசியலை அரசியலார் பார்த்துக்கொள்ளட்டும்.

ரோஹித் தலைமையில் இந்தியா சிலியை 7-க்கு 0, ஓமானை 17-க்கு 0 என்று வென்றது. டிசம்பர் 2-ஆம் நாள் மதுரையில் சுவிட்சர்லாந்துடன் ஆட்டம். இரண்டு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்து, நம் காலனிப் பிள்ளைகள் நால்வரை அழைத்துக்கொண்டு யான் சென்றது அந்த ஆட்டத்திற்கே. 5-க்கு 0 என்று இந்தியா வென்றது. என்னோடு வந்த பிள்ளைகளோ வெற்றியைவிட அந்த நீலத்தரையில் நீர் தெளிக்கப்படுவதையும், பந்து அதன்மேல் சீறிக்கொண்டு ஓடுவதையும் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தனர். அவர்களுள் பன்னிரண்டு வயது நிரம்பாத ஒருவன் என் இளைய மகன். திரும்பும் வழியில் ரயிலில், மயிலத்துப் பள்ளியில் தன்னையும் சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்டான். யான் விடை சொல்லவில்லை. முறுக்கு வாங்கிக் கொடுத்தேன்.

கால் இறுதியில் பெல்ஜியம். 2-க்கு 2 என்று சமமாகி, தனித்தனியே கோல் காவலனை எதிர்த்து எட்டு வினாடிக்குள் அடிக்கும் முறையில் 4-க்கு 3 என்று நம்மவர் பிழைத்தனர். கோல் காத்த பிரின்ஸ்தீப் சிங்கின் ஆட்டத்தில் பயிற்சியாளரின் கைவண்ணம் தெரிந்தது. அரை இறுதியில் ஜெர்மனி 5-க்கு 1 என்று நம்மை வீழ்த்தியது. 2021-இல் புவனேசுவரத்தில் அரை இறுதியில் ஜெர்மனியிடம் 4-க்கு 2. 2023-இல் கோலாலம்பூரில் அரை இறுதியில் அதே ஜெர்மனியிடம் 4-க்கு 1. இப்பொழுது 5-க்கு 1. மூன்று முறை ஒரே வாயிலில் ஒரே காவற்காரன்! 1936-இல் பெர்லினில் நாம் கொடுத்த எட்டுக் கோல்களை அவர்கள் வட்டியோடு திருப்பித் தருகின்றனர் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்; ஆனால் அவர்கள் ஊர்தோறும் மன்றம் வைத்து, ஆறு வயதிலேயே பிள்ளைக்குக் கோல் கொடுத்து, பனிக்காலத்தில் மண்டபத்திற்குள் ஆடவைத்துப் பழக்குகின்றனர் என்பதே உண்மைக் காரணம்.

முந்திய இரு பந்தயங்களிலும் அரை இறுதியில் தோற்றபின் மூன்றாம் இடத்து ஆட்டத்திலும் நம் பிள்ளைகள் தோற்றிருந்தனர். டிசம்பர் 10 அன்றும் அவ்வாறே ஆகும் போலிருந்தது. அர்ஜென்டினா இரண்டு கோல் அடித்துவிட்டது. நம் பக்கம் ஒன்றுமில்லை. பதினைந்து நிமிடக் காற்பகுதிகள் மூன்று முடிந்தன. எஞ்சியது ஒன்று. அதில் அங்கித் பால் ஒன்று அடித்தார். மன்மீத் சிங் மற்றொன்று. சமம். ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கையில் சாரதா நந்த் திவாரி பெனால்டி ஸ்ட்ரோக்கில் மூன்றாவது. உடனே அன்மோல் எக்கா நான்காவது. 4-க்கு 2! ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் இளைஞர் அணிக்கு உலகப் பதக்கம். இறுதி ஆட்டத்தில் ஜெர்மனியும் ஸ்பெயினும் 1-க்கு 1 என்று நின்று, தனியடியில் 3-க்கு 2 என்று ஜெர்மனி வென்றது. அது அவர்களுடைய எட்டாம் கோப்பை.

அன்மோல் எக்கா என்ற பெயரைக் கவனியுங்கள். அட்ரோஹித் எக்கா, ரோஷன் குஜூர் என்று அணியில் இன்னும் சிலர். ஜெய்பால் சிங்கின் காட்டு நாட்டை ஒட்டிய பழங்குடிச் சீமைப் பிள்ளைகள் இவர்கள். ஒடிசாவின் சுந்தர்கட் மாவட்டத்தில் ஊர்ப்பந்தயத்திற்கு ஆட்டுக்கிடாய் பரிசாக வைத்து ஹாக்கி ஆடுவது வழக்கம். அவர்களுக்கு விடுதி கிடைத்தது, தரை கிடைத்தது, 2018 முதல் ஒடிசா அரசே இந்திய ஹாக்கியின் செலவைத் தாங்கி வருகிறது. 1928-இல் தலைவனைத் தந்த சீமை 2025-இலும் கோல் அடிக்கிறது. பஞ்சாபும் மணிப்பூரும் அவ்வாறே. ஆனால் 1901-இலேயே பந்தயம் கண்ட சென்னையிலிருந்து, பீட்டரையும் பாஸ்கரனையும் தந்த நாட்டிலிருந்து, சொந்த மண்ணில் நடந்த பந்தயத்தில் ஆட ஒரு வாலிபன் இல்லை.

முற்றும் இருள் என்று சொல்லவும் மாட்டேன். நம் ரயில் வழியில் வரும் கோவில்பட்டி, தீப்பெட்டிக்கும் கடலை மிட்டாய்க்கும் மட்டும் பெயர் பெற்ற ஊர் அன்று. ஹாக்கிக்கும் அதுவே நம் நாட்டுத் தொட்டில். அங்குள்ள அரசு விளையாட்டு விடுதியில் வளர்ந்த இருவர், கோவில்பட்டி மாரீசுவரனும் அரியலூர் கார்த்தி செல்வமும், 2022-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியாவிற்கு ஆடினர். 2023-இல் எழும்பூர் அரங்கில் கார்த்தி நம் மக்கள் முன் ஆடி மலேசியாவிற்கு எதிராக கோலும் அடித்தார். எளிய குடும்பத்துப் பிள்ளைகளே இவ்விருவரும். கரிசல் மண்ணில் ஓடிப் பழகிய அவ்வூர்ப் பிள்ளைகளுக்கு இப்பொழுது நூறு கிலோமீட்டர்த் தொலைவில் மதுரையில் உலகத்தரமான தரை ஒன்று இருக்கிறது. பந்தயம் முடிந்ததும் அதைப் பூட்டி வைத்துவிடாமல், அந்தப் பிள்ளைகளுக்குத் திறந்து விடுவார்களாயின் செலவிட்ட பொருள் செலவு ஆகாது.

நம் நிலை என்ன? நம்முள் பலருடைய பூர்விகம் அந்தக் கோவில்பட்டியும் திருநெல்வேலியும் நாகர்கோவிலுமே. 1956-இல் எல்லை பிரிந்தபோது நாம் இப்பக்கம் நின்றுவிட்டோம். இங்கே பிள்ளைகளுக்கு மாலை நான்கு மணிக்குப் பள்ளி விட்டால் ஐந்து மணிக்குத் தனிப்பாடம். ஏழு மணிக்கு மற்றொரு தனிப்பாடம். புத்தரிக்கண்டம் மைதானத்தைத் தாண்டிப் போகிறார்களே அன்றி அதில் கால் வைப்பதில்லை. ஜி. வி. ராஜா பள்ளியில் ஆண்டுதோறும் தேர்வு நடத்திப் பிள்ளைகளைச் சேர்க்கின்றனர். ஓடச் சொல்வார்கள், தாண்டச் சொல்வார்கள், உயரம் பார்ப்பார்கள், அவ்வளவே. கொல்லத்தில் 2015 தேசிய விளையாட்டிற்காக அமைத்த ஹாக்கி அரங்கம், ரயிலில் ஒன்றரை மணி நேரத் தொலைவு. வசதி இல்லை என்று நாம் சொல்ல இயலாது.

என் மனைவி, படிப்புக் கெட்டுவிடும் என்கிறாள். ராஜீவ் மிஸ்ராவின் கதையை அவளிடம் சொன்னவனும் யானே. அவள் அதையே எனக்குத் திருப்பிச் சொல்கிறாள். யான் பதிலுக்கு ஸ்ரீஜேஷின் தந்தையார் விற்ற பசுவைச் சொல்கிறேன். நம்மிடம் விற்கப் பசுவும் இல்லையே என்கிறாள். வழக்கு இன்னும் முடியவில்லை.

இதற்கிடையில் சங்கத்துச் செயற்குழுவினரிடம் ஒரு விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். ஆண்டு விழாவில் ஓட்டப்பந்தயத்திற்கும் இசை நாற்காலிக்கும் ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியைக் கொண்டு பன்னிரண்டு கோல்களும் ஆறு பந்துகளும் வாங்க வேண்டுமென்பது அவ்விண்ணப்பம். தலைவர் அவர்கள் தை மாதத்திற்குள் முடிவு சொல்வதாக வாக்களித்துள்ளார்கள். ஞாயிறுதோறும் காலை ஆறு மணிக்குப் பிள்ளைகளைப் பொறுப்பாக அழைத்துச் செல்ல யான் ஆயத்தமாக இருக்கிறேன். ரயில்வே அணியில் முன்பு ஆடி ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் ஊதியமின்றிக் கற்றுத்தர இசைந்திருக்கிறார். எட்டு வயது நிரம்பிய ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் வரலாம். பெயர் கொடுக்க விரும்பும் பெற்றோர் சங்க நூலகத்தில் வைத்திருக்கும் குறிப்பேட்டில் எழுதிவிட்டுச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன். இதுவரை நான்கு பெயர்கள் உள்ளன. நால்வரும் மதுரைக்கு வந்தவர்கள்.